நள்ளிரவில் யார் கதவைத் திறப்பார்கள்?

கதவுக்குப் பக்கத்து இரும்புக் கம்பியில் ஆறு சாவிப் பெட்டிகள் தொங்கின. ஒவ்வொன்றும் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. முன்பக்கம் நான்கு எண் உருளைகள். அந்த ஆறில் ஏதோ ஒன்றுக்குள்தான், வெளிநாட்டில் நாங்கள் மலிவாக எடுத்திருந்த அறையின் சாவி இருந்தது. மணி இரவு 12.40. மழை தூறிக்கொண்டிருந்தது. பெட்டியைத் திறக்கிற நான்கு எண்களை வீட்டுக்காரர் சாயங்காலமே குறுஞ்செய்தியில் அனுப்பிவிட்டாராம். என் எண்ணுக்கு அந்த நாட்டில் ரோமிங் இல்லாததால் அது எனக்கு வந்து சேரவே இல்லை. விமான நிலையத்தில் சிம் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். நாங்கள் வெளியே வரும்போது சிம் கடை பூட்டியிருந்தது.

அக்கா தன் பயணப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"உள்ளே யாராவது இருப்பாங்கடி, பெல்லை அடிச்சுப் பாரேன்."

"எந்த பெல்லுக்கா? ஒண்ணுலயும் பேரே இல்ல."

அந்த நேரத்தில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும், மறுநாள் வேலைக்குப் போகவேண்டிய யாரோ ஒருவரைத்தான் தூக்கத்திலிருந்து எழுப்புவோம். எனக்குக் கை வரவில்லை. உருளைகளைத் திருப்பிப் பார்த்தேன். 0000, 1234. அந்நிய ஊரில், நள்ளிரவில், பிறர் வீட்டு வாசலில் பூட்டைத் திருகிக்கொண்டிருக்கும் ஒருத்தியை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று தோன்றிய உடனே கையை எடுத்துவிட்டேன். போனில் பேட்டரி 11 சதவீதம்.

இரண்டு சந்து தள்ளி ஒரு சின்ன ஹோட்டல் இருந்தது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மஞ்சள் வெளிச்சம், மேசைக்குப் பின்னால் கம்பளிச் சட்டை போட்ட ஒரு பெரியவர். அறை எதுவும் காலி இல்லை என்று சொல்லிவிட்டு, எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்தார். எழுந்து வந்து கதவை முழுதாகத் திறந்தார். இரண்டு நாற்காலிகளை எதிரெதிராகப் போட்டார், கால் நீட்டிக்கொள்ள. வைஃபை கடவுச்சொல்லை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். போன் சார்ஜ் ஏறியதும் வீட்டுக்காரரை, அறையைப் பதிவு செய்த செயலி வழியாக அழைத்தோம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. காலை ஏழு மணிக்குத்தான் எடுத்தார். அதுவரை அந்த நாற்காலிகளில்தான் இருந்தோம். நடுவில் எப்போதோ பெரியவர் ஒரு போர்வையைக் கொண்டுவந்து அக்காவின் மடியில் வைத்துவிட்டுப் போயிருந்தார். கிளம்பும்போது பணம் கொடுத்தேன். கையை மூடித் தள்ளிவிட்டார். "முதல் ராத்திரிக்கு மட்டும், விழித்திருக்கிற ஆள் உள்ள இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்.

அதற்குப் பிறகு பல நாடுகளில், பல இரவுகள். இன்றுவரை குறைந்த செலவில் தங்கவே விரும்புகிறேன். பணம் மிச்சமானால் இன்னும் நான்கு நாள் கூடுதலாக ஊர் பார்க்கலாம் என்பதுதான் காரணம். ஆனால் மலிவு என்பதை நான் கணக்குப் போடும் முறை அந்த இரவோடு மாறிப்போனது. உள்ளூர்க்காரருக்கு அறை என்பது தூங்குகிற இடம். கதவு திறக்காவிட்டால் அவருக்குப் போக நான்கு வீடு இருக்கும். வெளிநாட்டுப் பயணிக்கு அந்த ஊரில் இருப்பது அந்த ஒரே கதவு. அதனால் நான் முதலில் பார்ப்பது கதவைத்தான். வாடகை அதற்கு அப்புறம்.

நடைமுறையில் இது என்ன மாற்றத்தைத் தந்தது என்றால், ஒரு பயணத்தின் எல்லா இரவுகளுக்கும் ஒரே அளவு செலவு செய்வதை விட்டுவிட்டேன். முதல் இரவுக்கு, விமானமோ ரயிலோ வந்து சேர்கிற இடத்திலிருந்து ஒரே பேருந்தில் போகக்கூடிய, 24 மணி நேரமும் ரிசப்ஷனில் ஆள் இருக்கிற இடம். அது கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். அடுத்த நாள் பகலில், வெளிச்சத்தில், கையில் வேலை செய்கிற சிம்மோடு, மிச்ச இரவுகளுக்கான மலிவான இடத்தை நடந்தே போய்ப் பார்க்கிறேன். ஓர் அறையை நேரில் பார்ப்பதற்கும் படத்தில் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது. படத்தில் தெருச் சத்தம் கேட்காது. ஈரச் சுவரின் வாடை வராது.

முன்கூட்டியே எல்லாம் பதிவு செய்தாகவேண்டிய பயணங்களும் உண்டு. அப்போது பணம் கட்டுவதற்கு முன் தங்குமிடத்துக்கு ஒரே ஒரு கேள்வி எழுதி அனுப்புவேன்: "நான் இரவு 12.30க்கு வந்து சேரக்கூடும். அந்த நேரத்தில் யார் இருப்பார்கள்?" என்ன பதில் வருகிறது என்பதைவிட, எப்படி வருகிறது என்பது எனக்கு நிறையச் சொல்லும். "பக்கத்து மாடியில்தான் இருக்கிறோம், இந்த மணியை அடியுங்கள், எழுந்து வருவோம்" என்று ஒருமுறை எழுதினார்கள். அந்த இடத்தில் குளியலறை பொது, கட்டில் கிரீச்சிட்டது, ஆனால் நான் நிம்மதியாகத் தூங்கிய இடங்களில் அது ஒன்று. மூன்று நாள் பதிலே வராத இடங்களும் உண்டு. அவற்றைப் பேசாமல் விட்டுவிடுவேன். செயலிக்கு வெளியே தனியாகப் பணம் அனுப்பச் சொன்னால், அந்த உரையாடலை அங்கேயே முடித்துக்கொள்ள வேண்டும். அதில் இரண்டாவது யோசனை வேண்டாம்.

விமர்சனங்களைப் படிப்பதிலும் ஒரு வழக்கம் வந்துவிட்டது. சராசரி மதிப்பெண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. புதியவை முதலில் வரும்படி அடுக்கிவிட்டு, குறைந்த மதிப்பெண் கொடுத்தவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பேன். காலை உணவு சுமார், அறை சின்னது என்பதையெல்லாம் தாண்டிப் போய்விடலாம். பூட்டு, இரவு, சாவி, பூச்சி, பணம் திருப்பித் தரவில்லை - இந்தச் சொற்கள் இருவேறு ஆட்களின் எழுத்தில் வந்தால் அந்த இடம் வேண்டாம். தனியாகப் பயணிக்கும் பெண்கள் எழுதியவற்றைத் தேடிப் படிப்பேன். தெருவிளக்கு எங்கே முடிகிறது, மாடிப்படியில் வெளிச்சம் உண்டா என்பதை அவர்கள்தான் எழுதுவார்கள்.

பணத்துக்கு வருகிறேன். திரையில் தெரிகிற தொகைக்கும் கடைசியில் கையை விட்டுப் போகிற தொகைக்கும் நடுவே எவ்வளவோ இருக்கிறது. நகர மையத்திலிருந்து 40 நிமிடம் தள்ளியிருக்கிற அறை மலிவாகத் தெரியும். தினமும் இரண்டு பேருக்குப் போக வர டிக்கெட், கடைசி ரயிலைத் தவறவிட்ட ஒரு ராத்திரிக்கு டாக்ஸி, இவற்றைக் கூட்டினால் மையத்திலேயே ஓர் அறை எடுத்திருக்கலாம். துப்புரவுக் கட்டணம் என்று ஒன்றைப் பல வாடகை வீடுகளில் தனியாகச் சேர்ப்பார்கள். அது இரவுக்கு இவ்வளவு என்று வருவதில்லை, மொத்தத் தங்கலுக்கும் ஒருமுறை. அதனால் ஒரே இரவு தங்குகிறவர்களுக்கு அது பெரிய அடி. பத்து நாள் தங்குகிறவர்களுக்கு உறைக்காது. அமெரிக்காவில் இந்தக் கூடுதல் கட்டணங்களைக் கடைசித் திரைவரை மறைத்து வைக்கும் பழக்கம் ரொம்ப நாளாக இருந்தது. 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்த விதியின்படி, கட்டாயமாகக் கட்டவேண்டிய கட்டணங்கள் எல்லாவற்றையும் சேர்த்த மொத்தத் தொகையைத்தான் ஹோட்டல்களும் குறுகிய கால வாடகை வீடுகளும் முதலிலேயே காட்டவேண்டும்.

ஐரோப்பாவின் பல நகரங்களில் சுற்றுலா வரி தனி. ஆம்ஸ்டர்டாமில் 2024 முதல் அறை வாடகையில் 12.5 சதவீதம். இத்தாலியில் பெரும்பாலான இடங்களில் ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று கணக்கு. நகரத்துக்கு நகரம், தங்குமிடத்தின் தரத்துக்கு ஏற்ப மாறும். இதைப் பல இடங்களில் வந்து இறங்கியதும் ரொக்கமாகக் கேட்பார்கள். முழுப் பணமும் கட்டியாயிற்றே, இது என்ன புதிதாக என்று முதல்முறை எனக்கும் சந்தேகம் வந்தது. ஏமாற்று இல்லை, நகராட்சிக்குப் போகிற வரிதான். ரசீது கேட்டால் தருவார்கள்.

இன்னொன்று, கார்டு தேய்க்கும்போது. மெஷின் திரையில் உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா, இந்த நாட்டுப் பணத்திலா என்று கேட்கும். நமக்குப் பழகிய எண்ணாகத் தெரிகிறதே என்று நம் நாட்டுப் பணத்தைத் தேர்ந்தெடுத்தால், மாற்று விகிதத்தை அந்த மெஷின்காரர்கள் வைப்பார்கள். அதில் அவர்களுக்கு லாபம் சேர்ந்திருக்கும். எப்போதும் நிற்கிற நாட்டின் பணத்தையே தேர்ந்தெடுங்கள். வைப்புத் தொகை என்று கார்டில் பிடித்துவைப்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது எடுக்கப்பட்ட பணம் இல்லை, முடக்கிவைக்கப்பட்ட பணம். ஆனால் விடுபடச் சில நாட்கள் ஆகும். கையில் ஒரே கார்டோடு, அதில் கணக்காகப் பணம் வைத்திருப்பவருக்கு அந்தச் சில நாட்கள் மிகவும் நீளமானவை.

உள்ளூர்ப் பயணிக்கு இல்லாத ஒரு சுமை நமக்கு உண்டு: காகிதம். விசா விண்ணப்பிக்கும்போதே எங்கே தங்கப்போகிறீர்கள் என்று காட்டச் சொல்வார்கள். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்துத் தருகிற ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிடத்துக்கான ஆவணம் அல்லது அதற்குப் போதுமான பணம் இருப்பதற்கான சான்று கட்டாயம். விசா கிடைக்குமா என்றே தெரியாத நிலையில் திரும்பப் பெறமுடியாத மலிவு அறையைப் பதிவு செய்தால், விசா மறுக்கப்படும் அன்று அந்தப் பணமும் போகும். ஆகவே அந்தக் கட்டத்தில் ரத்து செய்யக்கூடிய பதிவுதான் உண்மையில் மலிவு, தொகை கூடுதலாகத் தெரிந்தாலும். விசா வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் போலியாக ஒரு பதிவுச்சீட்டைத் தயார் செய்து கொடுக்கிறேன் என்பவர்களிடம் போகாதீர்கள். குடிநுழைவு அதிகாரி அந்த விலாசத்துக்கு ஒரு போன் செய்தால் பயணமே முடிந்துவிடும்.

போய் இறங்கிய பிறகும் காகிதம் தொடர்கிறது. ஜப்பானில் வீடு இல்லாத வெளிநாட்டவர் அங்கே ஹோட்டலில் தங்கினால் பாஸ்போர்ட்டைக் காட்டவேண்டும், பிரதி எடுத்துக்கொள்வார்கள். தாய்லாந்தில் வெளிநாட்டவர் தங்குவதை 24 மணி நேரத்துக்குள் குடிநுழைவுத் துறைக்குத் தெரிவிப்பது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. நாம் நண்பர் வீட்டில் தங்கினாலும் அதே கதைதான். சீனாவில் ஹோட்டலில் தங்கினால் அவர்களே பதிவு செய்துவிடுவார்கள். வேறெங்காவது தங்கினால் 24 மணி நேரத்துக்குள் காவல்துறையிடம் நாமோ இடம் கொடுத்தவரோ பதிய வேண்டும். மலிவான விடுதிகள் பல, வெளிநாட்டவரைச் சேர்க்க எங்களுக்கு அனுமதி இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்புவது அங்கே நீண்ட காலம் இருந்த பிரச்சினை. அப்படி மறுக்கக் கூடாது என்று 2024-இல் அரசே அறிவுறுத்தியது. இருந்தாலும் பதிவு செய்யும் முன் "வெளிநாட்டு பாஸ்போர்ட்டோடு வருகிறேன்" என்று ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுவது நல்லது.

பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கிப் பார்ப்பதும் பிரதி எடுப்பதும் சரி. அதையே தங்கும் நாட்கள் முழுக்க அடமானம் மாதிரி வைத்துக்கொள்கிறேன் என்றால் நான் ஒப்புக்கொள்வதில்லை. பிரதி தருகிறேன், வேண்டுமானால் முன்பணம் தருகிறேன் என்பேன். பெரும்பாலும் சரி என்றுவிடுவார்கள்.

இத்தாலியில் விருந்தினர் விவரத்தைக் காவல்துறையின் இணையதளத்தில் 24 மணி நேரத்துக்குள் ஏற்றவேண்டும். 2024 நவம்பரில் அந்நாட்டு உள்துறை இன்னொரு படி போனது. விருந்தினரை நேரில் பார்த்து அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும், சாவிப் பெட்டியில் சாவியை வைத்துவிட்டு விலகிக்கொள்வது போதாது என்று சுற்றறிக்கை அனுப்பியது. வாடகைக்கு விடுபவர்களின் சங்கம் வழக்குக்குப் போனது. பாதுகாப்பு, வியாபாரம் என்று அவரவர் பக்கம் வாதம் இருக்கிறது. எனக்கு அந்தச் செய்தியைப் படித்தபோது ஆறு சாவிப் பெட்டிகளும் மழையும்தான் நினைவுக்கு வந்தன. அரசாங்கம் வேறு காரணத்துக்காகக் கேட்டாலும், வாசலில் ஒரு மனிதர் இருக்கவேண்டும் என்பது எனக்கு உடன்பாடுதான்.

பயணிகள் ஒரு படுக்கைக்கு மட்டும் பணம் கட்டித் தங்குகிற ஹாஸ்டல் என்கிற யோசனையே வாசலில் மாட்டிக்கொண்ட ஒரு ராத்திரியில் பிறந்ததுதான். ரிச்சர்ட் ஷிர்மான் ஜெர்மனியில் பள்ளி ஆசிரியர். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு நாட்கணக்கில் நடைப்பயணம் போகிறவர். 1909 ஆகஸ்டில் அப்படிப் போனபோது இடியும் மழையும் பிடித்துக்கொண்டது. ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினார்கள். தரையில் வைக்கோல் பரப்பி மாணவர்கள் தூங்கிவிட, அவர் மட்டும் விழித்துக்கொண்டு கிடந்தார். விடுமுறையில் பள்ளிகள் சும்மாதானே கிடக்கின்றன, ஒரு நாள் நடைத் தூரத்துக்கு ஒன்று என்று ஊருக்கு ஊர் இப்படித் தங்க இடம் வைத்தால் என்ன என்று அந்த ராத்திரியில் தோன்றியிருக்கிறது. 1912-இல் அல்டேனா கோட்டையில் முதல் நிரந்தர இளைஞர் விடுதி வந்தது. 1932-இல் பல நாட்டு அமைப்புகள் ஆம்ஸ்டர்டாமில் கூடிச் சர்வதேசக் கூட்டமைப்பை உண்டாக்கின. ஷிர்மான் அதன் தலைவரானார். சில ஆண்டுகளில் நாஜி அரசு அவரை அந்தப் பொறுப்பிலிருந்து விலக வைத்தது. மலிவுத் தங்குமிடம் என்றால் பணக்காரருக்கான அறையில் பாதி என்று நாம் நினைக்கிறோம். அவர் நினைத்தது வேறு: நடந்து வருகிறவனுக்குக் கூரை. அடுக்குக் கட்டில், பொதுச் சமையலறை, நம் படுக்கையை நாமே விரித்து நாமே மடித்து வைப்பது எல்லாம் அங்கிருந்து வந்த பழக்கங்கள்.

இன்றைய ஹாஸ்டலில் டார்ம் எனப்படும், பலர் சேர்ந்து படுக்கிற அறையில் படுக்கை எடுக்கும்போது நான் செய்கிற முதல் வேலையைக் கொஞ்சம் விவரமாகவே சொல்லிவிடுகிறேன். பையைக் கட்டிலில் வைப்பதில்லை, படுக்கை அறைத் தரையிலும் வைப்பதில்லை. குளியலறை ஓட்டுத் தரையில் அல்லது நாற்காலியில் வைத்துவிட்டு, மெத்தையின் தலைமாட்டு மூலையில் விரிப்பைத் தூக்குவேன். மெத்தையின் ஓரத்தில் சுற்றித் தைத்த விளிம்பு இருக்குமே, அதை விரலால் விரித்துப் போன் வெளிச்சத்தில் பார்ப்பேன். பேனா முனையால் தொட்டு வைத்த மாதிரி கறுப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்தால் அது மூட்டைப்பூச்சியின் எச்சம். பழுப்பு நிறத்தில் அது உரித்துப் போட்ட மெல்லிய சட்டைகளும் கிடக்கும். வளர்ந்த பூச்சியே ஆப்பிள் விதை அளவுதான், தட்டையாக, ஒரு நூலிழைச் சந்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும். மெத்தை சுத்தமாக இருந்தால் கட்டில் சட்டத்தின் திருகாணிக் குழிகள், தலைமாட்டுப் பலகைக்கும் சுவருக்கும் இடைவெளி. மொத்தம் மூன்று நிமிடம். ஒரு தடவை கிடைத்தது. ரிசப்ஷனில் அமைதியாகப் படத்தைக் காட்டினேன். வேறு அறை தருகிறோம் என்றார்கள். பக்கத்து அறையோ நேர் மேல் அறையோ வேண்டாம், சுவர் வழியாகவே அவை வரும் என்று சொல்லிப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்பினோம். துணிகளைச் சலவைக் கடையில் உலர்த்தும் மெஷினில் அதிக சூட்டில் அரை மணி நேரத்துக்கு மேல் போட்டெடுத்தேன். அவை சூட்டுக்குத்தான் சாகும். பூச்சி இருப்பதால் அந்த இடம் அழுக்கு என்று அர்த்தமில்லை; ஐந்து நட்சத்திர அறைக்கும் யாரோ ஒருவருடைய பெட்டியில் ஏறி வந்துவிடும். அதனால் சண்டை போடவேண்டியதில்லை. சொன்னால் போதும்.

கீழ்க்கட்டில் கிடைத்தால் நல்லது. கதவுக்கும் கழிவறைக்கும் எதிரே இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. லாக்கருக்குப் பூட்டு நம்முடையதாக இருக்கட்டும். ஜப்பானில், ஒருவர் படுக்கும் அளவுள்ள கூடுகளை அடுக்கி வைத்த கேப்ஸ்யூல் விடுதி ஒரு நல்ல வழி. 1979-இல் ஒசாகாவில் கிஷோ குரோகாவா என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்ததுதான் முதலாவது. கடைசி ரயிலை விட்டுவிட்ட அலுவலக ஆண்களை மனத்தில் வைத்துச் செய்தது. வெகுகாலம் பெரும்பாலும் ஆண்களுக்கானதாகவே இருந்தது. இப்போது பெண்களுக்குத் தனி மாடி வைத்திருப்பவை நிறைய. உள்ளே படுத்தால் கூரை கைக்கு எட்டும். பெட்டிக்கு உள்ளே இடமில்லை, வெளியே லாக்கரில்தான். பெரிய பெட்டியோடு போகிறவர்கள் லாக்கரின் அளவை முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. கேப்ஸ்யூலின் வாய்க்குப் பல இடங்களில் பூட்டுக் கிடையாது, திரை மட்டும்தான். அதை அறிந்து போனால் பயமில்லை.

பதிவுச் செயலிகளில் சரியாகத் தெரியாத கதவுகளும் இருக்கின்றன. ஸ்பெயினில் சந்தியாகோ நோக்கி நடக்கிற யாத்திரைப் பாதையில் ஆல்பெர்கே என்று விடுதிகள். முத்திரை குத்திய யாத்ரீகர் அட்டை இருந்தால்தான் படுக்கை. நகராட்சி நடத்துபவற்றில் முன்பதிவு பொதுவாகக் கிடையாது, முதலில் வந்தவருக்கு முதலில். பெரும்பாலும் ஒரே இரவுதான். இரவு பத்து மணிக்குக் கதவு சாத்திவிடுவார்கள், காலை எட்டுக்குள் கிளம்பிவிட வேண்டும். சிலவற்றில் கட்டணமே கிடையாது. வாசலில் ஒரு பெட்டி இருக்கும், முடிந்ததைப் போடலாம். அந்தப் பெட்டியில் போடும் பணம்தான் அடுத்த நாள் வருகிறவர்களின் இரவுச் சாப்பாடு என்று ஒரு விடுதியில் எழுதி வைத்திருந்தார்கள். இலவசம் என்று நினைத்துக் கடந்து போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு மனம் வலித்தது. இயலாதவர்கள் போடவேண்டாம் என்பதற்காகத் திறந்து வைத்த பெட்டி அது, இயன்றவர்கள் தப்பித்துக்கொள்வதற்காக அல்ல.

இத்தாலியில் கன்னிமாடங்களும் மடாலயங்களும் விருந்தினர் அறை வாடகைக்கு விடுகின்றன. எளிய அறை, நல்ல அமைதி, ராத்திரி குறிப்பிட்ட மணிக்குக் கதவு மூடிவிடும். கோடை விடுமுறையில் பல பல்கலைக்கழகங்கள் மாணவர் விடுதியைத் திறந்துவிடும். தனி அறை, சமையலறை, குறைந்த வாடகை. தேதி பொருந்தினால் அதற்கு மேல் வேண்டியதில்லை.

பணமே வாங்காமல் வீட்டில் இடம் கொடுக்கிற மரபும் இன்று நேற்று வந்ததில்லை. செர்வாஸ் என்கிற அமைப்பு 1949-இல், உலகப் போர் முடிந்த சூட்டில், பல நாட்டு மனிதர்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் தங்கிப் பழகினால் பகை குறையும் என்ற எண்ணத்தில் தொடங்கியது. இணையத்தில் கவுச்சர்ஃபிங் 2004-இல் வந்து அதையே பெரிய அளவில் செய்தது. 2020-இல் பல நாடுகளில் சந்தா கட்டாயமாயிற்று. இப்படித் தங்கும்போது நான் ஒன்றில் கண்டிப்பாக இருப்பேன். இலவசமாக ஒரு கட்டில் கிடைக்கிறது என்று போவதில்லை; அந்த மனிதரோடு ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பேச நேரமும் மனமும் இருந்தால் மட்டும் போவேன். பிடிக்காவிட்டால் கிளம்பிப் போக இன்னோர் இடத்துக்கான பணமும் விலாசமும் தனியாக எடுத்து வைத்திருப்பேன்.

சாவிப் பெட்டிகளுக்கு வருகிறேன். அந்தக் காலை, வெளிச்சம் வந்த பிறகு, அதே சந்தில் திரும்ப நின்றபோது முந்தின இரவில் பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். ஆறு பெட்டிகள் என்றால் ஆறு வீடுகள். அந்தக் கட்டடத்தில் குடியிருப்பவர்கள் என்று கண்ணில் பட்டது மூன்றாம் மாடி ஜன்னலில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பாட்டி மட்டும்தான். நாங்கள் தங்கப்போகிற அறையும் யாரோ ஒரு குடும்பம் மாத வாடகைக்கு இருந்திருக்கக்கூடிய வீடுதான். நியூயார்க் 2023 செப்டம்பரிலிருந்து, 30 நாளுக்குக் குறைவாக வீடு வாடகைக்கு விடுபவர் தானும் அதே வீட்டில் இருக்கவேண்டும், விருந்தினர் இரண்டு பேருக்கு மேல் கூடாது என்ற விதியைக் கறாராக அமல்படுத்துகிறது. ஜப்பானில் 2018-இல் வந்த சட்டத்தின்படி சாதாரண வீட்டை ஆண்டுக்கு 180 நாளுக்கு மேல் இப்படி விடமுடியாது. பார்சிலோனா மேயர் 2024-இல் இன்னும் ஒரு படி மேலே போய், அந்நகரின் 10,101 சுற்றுலா வீடுகளின் உரிமங்களை 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிக்கப்போவதில்லை என்று அறிவித்தார்.

இதனால் நமக்கு அறைகள் குறையும், வாடகை ஏறும். தெரிந்தே சொல்கிறேன், எனக்கு இதில் வருத்தமில்லை. அந்தப் பாட்டிக்கு அக்கம்பக்கம் இல்லாமல் போனதில் எங்கள் மலிவுக்கும் பங்கு இருக்கிறது. அதற்குப் பிறகு முழு வீட்டைத் தனியாக எடுப்பதைக் கூடியவரை தவிர்க்கிறேன். ஹாஸ்டல், சின்ன விடுதி, வீட்டுக்காரர்கள் உள்ளேயே இருந்து ஓர் அறையை விடுகிற இடம், இவைதான். உரிம எண் போடவேண்டும் என்று சட்டம் இருக்கிற ஊரில், விளம்பரத்தில் அந்த எண் இல்லையென்றால் அதை எடுப்பதில்லை. சட்டம் பேசுவதற்காக மட்டும் சொல்லவில்லை. உரிமம் இல்லாத இடத்தை அதிகாரிகள் மூடினால், பெட்டியோடு தெருவில் நிற்பது வெளிநாட்டுக்காரராகத்தான் இருக்கும்.

போன முறை ஒரு ஹாஸ்டலில் எட்டுப் படுக்கை டார்ம். எனக்குக் கீழ்க்கட்டில், அக்கா எதிரே. இரவு பன்னிரண்டைத் தாண்டியிருக்கும். கதவு மெதுவாகத் திறந்தது. முதுகில் பெரிய பையோடு ஒரு பெண், தலை நனைந்திருந்தது. ரிசப்ஷன் பையன் வாசலிலேயே நின்று கட்டில் எண்ணைக் கிசுகிசுத்துவிட்டுப் போனான். விளக்கைப் போட்டால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள் என்று அவள் இருட்டிலேயே கையால் துழாவிக்கொண்டு வந்தாள். என் மேல்கட்டில்தான் அவளுடையது. ஏணியில் நான் துண்டை உலர்த்தியிருந்தேன். எழுந்து அதை எடுத்தேன். போன் விளக்கைச் சுவர்ப்பக்கம் திருப்பி ஏற்றிவைத்தேன், யார் கண்ணிலும் அடிக்காமல் அவளுக்கு மட்டும் ஏணி தெரியும்படி.

பையைக் கட்டிலில் வைக்கப்போனவளைக் கையசைத்து நிறுத்தினேன். மெத்தையின் மூலையைத் தூக்கி, விளிம்பை விரித்து, வெளிச்சத்தைக் காட்டினேன். இருவரும் குனிந்து பார்த்தோம். வெள்ளைத் தையல், ஒரு புள்ளி இல்லை.

எதிர்க்கட்டிலிலிருந்து அக்கா தூக்கக் கலக்கத்தில் கேட்டாள். "யாருடி?"

"இப்பத்தான் வந்திருக்காக்கா. நீ தூங்கு."